மூன்றாவது ட்ரைவர் கிடைக்குமா? வீட்டில் ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

என் முதல் ஸ்பீக்கர் ஜோடியில் தவில் இரண்டு ஊரில் அடித்தது. இடது பெட்டியில் அடி 'தொம்' என்று விழும். வலது பெட்டியில் அதே அடி அட்டைப் பெட்டியைத் தட்டியது மாதிரி இருக்கும். இரண்டு வூஃபரும் (தாழ்சுருதியைப் பாடும் பெரிய கோன் உருப்படி) ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி ஸ்டிக்கரோடு வாங்கியவை. கோளாறு பெட்டியில்தான் என்று நினைத்து ஆசாரியை இரண்டு முறை வரவழைத்துச் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. கடைசியில் வூஃபர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் ஒன்று 6.1 ஓம், மற்றது 3.6 ஓம். ஸ்டிக்கரில் இரண்டுமே 8 ஓம். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதான் சார், பாடுதா இல்லையா?" என்றார் கடைக்காரர். பாடத்தான் செய்தது.

அன்றிலிருந்து வூஃபர் மாதிரி ட்ரைவர் எது வாங்கப் போனாலும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி தரும் விவரத் தாளில் எழுதியிருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா? ஜோடியில் இரண்டாவது, முதலாவதைப் போலவே இருக்கிறதா? நாலைந்து வருடம் கழித்து ஒன்று போய்விட்டால் மூன்றாவது கிடைக்குமா, இல்லையென்றால் அதையே சரிசெய்துகொடுக்க ஆள் உண்டா? இனிமையாகப் பாடுமா என்பது எனக்கு நாலாவது கேள்விதான். முதல் மூன்றும் சரியாக இருந்தால் இனிமையைப் பெட்டியிலும், தாழ்சுருதியை வூஃபருக்கும் மேல் சுருதியை ட்வீட்டர் என்ற சின்ன உருப்படிக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரிலும் கொண்டுவந்துவிடலாம். அவை சரியில்லாவிட்டால் எந்த மரமும் எந்த கெப்பாசிட்டரும் காப்பாற்றாது.

சொல் விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் போய் 'ட்ரைவர்' என்று கேட்டால் ஹாரன் யூனிட்டை எடுத்து நீட்டுவார்கள். கோனும் காந்தமும் உள்ள உருப்படிக்கு அங்கே பெயர் 'ஸ்பீக்கர்', மரக்கூடு 'பாக்ஸ்'. இந்தக் கட்டுரையில் உருப்படியை ட்ரைவர் என்றும், கூட்டைப் பெட்டி என்றும், எல்லாம் சேர்ந்ததை ஸ்பீக்கர் என்றும் சொல்கிறேன்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். தாளில் என்ன எழுதியிருக்க வேண்டும்? 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், அவரைத் தொடர்ந்து 1970-களின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மாலும் செய்த வேலையால்தான் நாம் இன்று வீட்டில் உட்கார்ந்து பெட்டி கணக்குப் போட முடிகிறது. ஒரு ட்ரைவரின் தாழ்சுருதி நடத்தையைச் சில எண்களுக்குள் அவர்கள் அடக்கினார்கள். அதில் மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எஃப்எஸ் என்பது பெட்டிக்குள் போடாமல் வெறுமனே வைத்தால் கோன் எந்த அதிர்வெண்ணில் தானாக ஆட விரும்புகிறது என்பது. வாஸ் என்பது கோனைத் தாங்கிப் பிடிக்கும் தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். க்யூடிஎஸ் என்பது கோன் ஆடத் தொடங்கினால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதன் கணக்கு. எண் சிறிதாக இருந்தால் காந்தத்தின் பிடி வலுவானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளில் எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, வாஸ் 30 லிட்டர் என்று இருக்கிறது. மூடிய பெட்டியில் நிதானமான பேஸ் வேண்டும் என்றால், பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.7 பக்கம் வர வேண்டும். அதற்கு 14 லிட்டர் பெட்டி. அப்படிக் கட்டினால் சுமார் 71 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கி அதன் கீழ் மெதுவாகத் தேயும். இப்போது கையில் வந்த ட்ரைவர் உண்மையில் எஃப்எஸ் 65, க்யூடிஎஸ் 0.75, வாஸ் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காந்தம், விறைப்பான ஸ்பைடர் (கோனைப் பின்னாலிருந்து தாங்கும் மடிப்புத் துணி) என்றால் இப்படித்தான் வரும். அதே 14 லிட்டர் பெட்டியில் க்யூ கிட்டத்தட்ட 1.1-க்கு ஏறிவிடும், இறக்கம் 93 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும், அதற்குச் சற்று மேலே ஒன்றே முக்கால் டெசிபெல் அளவுக்கு ஒரு மேடு எழும். ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். பெட்டி கட்டியவர் கணக்கில் பிசகவில்லை. அவர் வேறொரு ட்ரைவருக்குக் கட்டிவிட்டார், அவ்வளவுதான்.

வாங்கி வந்ததைச் சரிபார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மல்டிமீட்டரே பாதி வேலையைச் செய்துவிடும். 8 ஓம் என்று சொல்லப்படும் காயில் (கோனோடு ஒட்டிக் காந்தத்துக்குள் ஆடும் கம்பிச் சுருள்) ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் காட்ட வேண்டும். 4 ஓம் என்றால் மூன்றிலிருந்து மூன்றே முக்கால். ஜோடிக்குள் வித்தியாசம் புள்ளி இரண்டு, புள்ளி மூன்றுக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எஃப்எஸ் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் வெளியீடு, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இலவசமாகக் கிடைக்கும் ஒரு அளவீட்டு மென்பொருள் போதும். வாஸ் அளக்கத்தான் கோன் மேல் தெரிந்த எடை ஒன்றை ஒட்ட வேண்டும். இதற்கு நம் 10 ரூபாய் நாணயம் அருமையானது: 7.71 கிராம், காந்தம் இழுக்காது. 2011 வரிசை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை எடுத்துவிடாதீர்கள். அவை காந்தத்தில் ஒட்டும் எஃகு, அளவு தப்பிவிடும். ஒட்டுவதற்குப் போஸ்டர் ஒட்டும் பசை கொஞ்சம் போதும், அதையும் சேர்த்து நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். 40 ஹெர்ட்ஸில் இருந்த எஃப்எஸ் நாணயம் ஒட்டியதும் 33-க்கு இறங்கினால், ஆடும் பாகத்தின் எடை சுமார் 16 கிராம். ஆறரை இன்ச் வூஃபருக்கு நம்பக்கூடிய எண் அது. எடையும் எஃப்எஸ்ஸும் கோனின் குறுக்களவும் தெரிந்தால் வாஸை மென்பொருளே போட்டுக்கொடுத்துவிடும்.

கடைகளில் 'ஓட ஓடச் சரியாயிடும்' என்று ஒரு வாக்கியம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. புது ஸ்பைடர் சில மணி நேரம் ஆடினால் இளகும், எஃப்எஸ் சற்று இறங்கும். ஆனால் அப்போது வாஸ் ஏறும், க்யூடிஎஸ் இறங்கும். மூன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் பெட்டிக் கணக்கு பெரிதாக மாறாது. 3.6 ஓம் 6.1 ஆகவும் மாறாது.

வாட் கணக்கைப் பற்றி ஒரே ஒரு பத்தி. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்டை (விளம்பரத்துக்காகப் பெருக்கிக் காட்டும் உச்ச அளவு) ஸ்டிக்கர் அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் ஊட்டினால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது. 88 டெசிபெல் என்றால் ஊட்டும் மின்சாரத்தில் சுமார் 0.4 சதவீதம்தான் ஒலியாகிறது, மீதி 99.6 காயிலில் சூடாகிறது. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். காயில் நூறு டிகிரி சூடேறினால் 6 ஓம் என்பது 8-ஐத் தாண்டிவிடும், சத்தம் தானாகக் குறையும், கேட்பவர் வால்யூமைத் திருப்புவார், காயில் இன்னும் சூடேறும். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் போவது பெரும்பாலும் இப்படித்தான். தாளில் இன்னொரு தந்திரமும் இருக்கும். 2.83 வோல்ட் என்று போட்டு அளந்தால் 8 ஓமுக்கு அது ஒரு வாட், 4 ஓமுக்கு இரண்டு வாட். ஆக 4 ஓம் ட்ரைவர் மூன்று டெசிபெல் இலவசமாக வாங்கிக்கொள்ளும்.

சரி, நம் ஊர் காற்றுக்கு வருவோம். நம்பகம் என்றால் இங்கே பாதி அதுதான். கடலோரத்தில் வீடு இருந்தால் முதலில் சாவது கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம். அந்த வகை ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைகிறது. பாட்டே போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும். பத்துப் பதினைந்து வருடத்தில் விரல் வைத்தால் மாவாக உதிரும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். பிசின் பூசி மடிப்பு மடிப்பாக வரும் துணி வளையம் அதையும் விட. என் சித்தப்பா வீட்டு மைக் செட்டில் துணி வளையம் போட்ட 12 இன்ச் ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்து உருப்படி, இன்றைக்கும் மார்கழியில் பாடுகிறது.

கோனைப் பொறுத்தவரை பூச்சு இல்லாத காகிதம் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், பூஞ்சை பிடிக்கும். பூச்சு பூசிய காகிதத்துக்குப் பயமில்லை. பாலிப்ரொப்பிலீன் கோன் ஈரத்தைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, ஆனால் அதில் பசை ஒட்டுவது கடினம். மலிவு வகைகளில் வளையம் கோனை விட்டுக் கழன்று வருவதை நிறையப் பார்க்கலாம். அலுமினியம் கோன் நன்றாக உழைக்கும். மேல் சுருதியில் மணி மாதிரி ஒலிக்கிற குணத்தைக் கிராஸ்ஓவரில் அடக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இனி தேர்வுகள். ஸ்டிக்கர் மட்டுமே அடையாளமான தெருச் சரக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சில நூறு ரூபாயில் ஒரு வூஃபர். பின்னால் ரப்பர் உறை போட்ட பெரிய காந்தம், கழற்றிப் பார்த்தால் உறைக்குள் பாதி காலி. தாள் கிடையாது. இன்று வந்த லாட்டும் அடுத்த மாத லாட்டும் வேறு வேறு தொழிற்சாலை. மூன்று கேள்விக்கும் பதில் இல்லை என்பதுதான். ஆனாலும் இதை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். பெட்டி கட்டப் பழக, சால்டரிங் பழக, அளந்து பழக இதைவிட நல்ல பொருள் கிடையாது. நாலு வாங்கி, நாலையும் அளந்து, ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொண்டு, அளந்த எண்ணுக்கே பெட்டி கட்டினால் ஆச்சரியமாகப் பாடும். தாளை நம்பிக் கட்டினால்தான் வம்பு.

பெரிய பெயர் அச்சடித்த போலி இதைவிட ஆபத்து, ஏனென்றால் அதற்குத் தாள் இருக்கும், அது வேறொரு பொருளின் தாளாக இருக்கும். விலை பாதியாக இருந்தால், எடையைப் போட்டுப் பாருங்கள். அசல் தாளில் நிகர எடை இருக்கும். காந்தத்தில் மிச்சம் பிடித்தவரால் எடையில் ஏமாற்ற முடியாது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது இரண்டாவது வழி. பழைய ஐரோப்பிய, ஜப்பானிய செட்டுகளில் அருமையான ட்ரைவர்கள் உண்டு. ஃபெரைட் காந்தம் வீட்டு உபயோகத்தில் பலம் இழப்பதில்லை, ஆகவே வயது தானாகவே குற்றம் ஆகாது. ஆனால் ஃபோம் மாற்றியிருப்பார்கள். மாற்றியவர் காயிலை நடுவில் நிறுத்தினாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள், காதைப் பக்கத்தில் வைத்து. துளி உரசல் சத்தம் கேட்டாலும் வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு, மூன்றாவதுக்கு அடியோடு கிடையாது. அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்களுக்கு.

கார் ஸ்பீக்கரை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கேவலமாகப் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் கதவுக்குள், மழைத்தண்ணீர் வழியும் இடத்தில் வேலை செய்யவென்று செய்தது அது. ரப்பர் வளையம், பிளாஸ்டிக் கோன், ஊருக்கு ஊர் விற்பனையாளர், பில்லோடு உத்தரவாதம். ஜோடியாகவே வரும், ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக, கூடவே குட்டி கிராஸ்ஓவரோடு வரும் செட்டை வாங்கினால் முக்கால் வேலை முடிந்தது. குறை என்னவென்றால் கதவு என்பது கிட்டத்தட்ட எல்லையில்லாப் பெட்டி. அதற்காகச் செய்ததில் க்யூடிஎஸ் உயர்வாக இருக்கும், 0.6, 0.7 என்று. சின்னப் பெட்டியில் அடைத்தால் முன்பு சொன்ன குடத்துக் குரல் வரும். பெரிய மூடிய பெட்டி, உள்ளே நிறையப் பஞ்சு, அப்போது ஒழுங்காக நடந்துகொள்ளும். பெரும்பாலும் 4 ஓம், உங்கள் ஆம்ப்ளிஃபையர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்வீட்டர் கொஞ்சம் கத்தும், காரில் அது முழங்கால் பக்கம் இருந்தும் காதுக்கு எட்ட வேண்டும் அல்லவா. அதற்கு முன்னால் ஒன்றிரண்டு ஓம் ரெசிஸ்டர் போட்டால் அடங்கிவிடும்.

மூன்றாவது கேள்வி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் ஊரில் ஜெயிப்பது மைக் செட் ட்ரைவர்தான். அஹூஜா மாதிரி டெல்லி கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கின்றன. கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம், மொட்டை வெயில், டிராக்டர் பயணம் என்று வாழ்கிற பொருள். துணி வளையம், கெட்டிக் காகிதக் கோன், 95 டெசிபெலும் அதற்கு மேலும் சென்சிட்டிவிட்டி. காயில் கருகினால் பக்கத்து டவுனில் கோன் மாற்ற ஆள் இருக்கிறார், அவரிடம் உதிரி இருக்கிறது. ஹாரன் யூனிட்டுக்கு டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷம். ஐரோப்பாவின் எந்த உயர்ந்த ட்ரைவருக்கும் இந்த வசதி நம் ஊரில் கிடையாது.

ஆனால் அதை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தால் வேறு கதை. லேசான கோன், விறைப்பான தொங்கல், ஆகவே ஆழ்ந்த பேஸ் வேண்டும் என்றால் பெட்டி பீரோ அளவு போகும். 12 இன்ச் கோன் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் போனதும் நேராக முன்னால் மட்டும் டார்ச் வெளிச்சம் மாதிரி பாயும். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வேறு பாட்டு. எனக்குப் பெரிய கூடம் இருந்து, நாதஸ்வரக் கச்சேரியை நாதஸ்வரத்தின் சத்தத்திலேயே கேட்க வேண்டும் என்ற வெறி இருந்தால், இதைத்தான் கட்டுவேன். எனக்கு இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அறையும், கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும்.

இந்தியாவில் ஹைஃபை ட்ரைவர் என்று தேடுகிறவர்களுக்கு மும்பை பியர்லெஸ் பெயர் கண்ணில் படும். டென்மார்க் பியர்லெஸின் தாளைப் பதிவிறக்கி மும்பை ட்ரைவருக்குப் பெட்டி கட்டிவிடாதீர்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு. மும்பைக்காரர்களின் சொந்தத் தாளை வைத்துக் கட்டினால், சுங்கம் கட்டாமல் ரூபாயில் வாங்கி, போய்விட்டால் மறுபடி ரூபாயிலேயே வாங்கலாம். பலருக்கு இதுவே போதுமான விடை.

பெயர் வேறு, தொழிற்சாலை வேறு என்பதை டென்மார்க்கின் கதையே சொல்லும். வீஃபா, ஸ்கேன்ஸ்பீக், பியர்லெஸ் மூன்றும் ஒரு காலத்தில் ஒரே குடையின் கீழ் வந்தன. பிறகு அந்தக் குடை டிம்ஃபனி என்ற கம்பெனியின் கைக்குப் போனது. 2009 வாக்கில் ஸ்கேன்ஸ்பீக் தனியாகப் பிரிந்தது. இந்தச் சுழற்சியில், வீட்டில் கட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பல வீஃபா மாடல்கள் பட்டியலிலிருந்தே மறைந்தன. அவற்றை வைத்துக் கட்டியவர்கள் இன்று மூன்றாவது ட்ரைவருக்குப் பழைய சந்தையில் அலைகிறார்கள். ஆக டென்மார்க் என்ற பெயர் கூட மூன்றாவது கேள்விக்கு உத்தரவாதம் இல்லை.

அந்தக் கலைப்பில் நமக்கு ஒரு லாபமும் வந்தது. அந்த டேனிஷ் வட்டாரத்தில் பழகிய வடிவமைப்பாளர்கள் சிலர், இந்தோனேசியாவின் சுரபயாவில் உள்ள சினார் பாஜா தொழிற்சாலையோடு சேர்ந்து எஸ்பி அகூஸ்டிக்ஸ் என்ற பெயரில் ட்ரைவர் செய்யத் தொடங்கினார்கள். நடுத்தர விலையில் என் முதல் பரிந்துரை இதுதான். ஏன் என்றால் அளந்து பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இவற்றை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். தாளும் கையும் நெருக்கமாகவே ஒத்துப்போகின்றன. என் கையில் வந்த ஜோடிகளிலும் அப்படித்தான். 17 சென்டிமீட்டர் காகிதக் கோன், ரப்பர் வளையம், 35 மில்லிமீட்டர் காயில் கொண்ட அவர்களுடைய வூஃபரும், 26 மில்லிமீட்டர் துணி டோம் (கவிழ்த்த கிண்ண வடிவம்) ட்வீட்டரும் சேர்த்து உலகெங்கும் பலர் வடிவமைப்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை அப்படியே கட்டலாம். ஈரமும் வெயிலும் உள்ள தீவில் செய்த பொருள் நம் ஊரில் நன்றாக உழைக்கிறது என்பது என் நினைப்பு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

டேட்டன் ஆடியோ அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு உதிரிபாக வியாபாரியின் சொந்தப் பெயர். விலை தணிவு, தாள் ஒழுங்கு, ஒரு மாடலைப் பல வருடம் தொடர்ந்து விற்பார்கள். அங்கிருந்து தனியாக வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் ட்ரைவர் விலையோடு போட்டி போடும். இங்கே இருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்கினால் லாபம். உள்ளே உலோகக் கோன் வகைகளும் நிறைய. அவற்றைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

நார்வேயின் மாஸ் நகரத்து சியாஸ் 1950-இல் தொடங்கியது. மூன்றாவது கேள்வியை ஐரோப்பாவில் யாராவது மதிக்கிறார்கள் என்றால் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு ட்ரைவருக்கும் ஒரு எச் எண் இருக்கும், மாடல் திருத்தப்பட்டால் அந்த எண்ணும் மாறும். உங்களிடம் இருப்பதும் புதிதாக வருவதும் ஒன்றா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். 27 மில்லிமீட்டர் துணி டோம் ட்வீட்டர் ஒன்றை நெடுங்காலமாக விடாமல் செய்து வருகிறார்கள், விலையும் பயமுறுத்தாது. ட்வீட்டருக்கு மட்டும் காசு கூடப் போட முடியும் என்றால் இங்கே போடுங்கள்.

ஸ்கேன்ஸ்பீக்கின் மேல் வரிசைகள், பிளேடால் கீறி ஒட்டிய காகிதக் கோன்களோடு, கேட்கவும் பார்க்கவும் அழகு. வூஃபரும் ட்வீட்டரும் ஒரு ஜோடி வீடு வந்து சேர அரை லட்சத்தைத் தாண்டும். முதல் பெட்டிக்கு இதை வாங்குவது, சைக்கிள் பழகாமல் குதிரை வாங்குவது. குதிரைமேல் எனக்குக் கோபமில்லை.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒரு வழியும் இருக்கிறது. ஒரே ட்ரைவர், கிராஸ்ஓவரே இல்லை. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் எஃப்இ103 என்ற நாலு இன்ச் முழு வீச்சு ட்ரைவரை 1960-களிலிருந்து திருத்தித் திருத்தி அதே பெயரில் விற்று வருகிறது. பழுதாக ட்வீட்டரும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை. குரலும் வீணையும் கேட்கிறவர்களுக்கு அது ஒரு சுகம். ஆனால் கோன் ஆடும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பேஸ் என்று எதிர்பார்த்து வால்யூமைத் திருப்பினால் அழும். மிருதங்கத்தின் தொப்பி தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இல்லை.

ட்வீட்டரைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் போவது அதுதான். தலைமுடி மாதிரி கம்பி, சுண்டைக்காய் எடை. ஆம்ப்ளிஃபையர் திணறி அலையின் உச்சியை வெட்டும்போது மேல் சுருதியில் அதிகப்படியான மின்சாரம் போய் அதைக் கருக்கிவிடும். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருப்புவது பெரிய ஆம்ப்ளிஃபையரைப் பாதி திருப்புவதைவிட ட்வீட்டருக்குக் கெடுதல். எஃப்எஸ் 900 என்று தாளில் இருந்தால் 2000-க்குக் கீழே அதை வேலை வாங்காதீர்கள். ஒரே ஒரு 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு கிராஸ்ஓவர் ஆச்சு என்பார்கள். 8 ஓமுக்கு அது 4200 பக்கம் வெட்டத் தொடங்கும், ஆனால் சரிவு அவ்வளவு மெதுவாக இருப்பதால் கீழ் சுருதி நிறைய உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டரோடு ஒரு இண்டக்டர் சுருளும் சேர்த்தால் சரிவு இரட்டிப்பாகும், ட்வீட்டரின் ஆயுளும் நீளும்.

துணி டோமா, உலோக டோமா என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கும். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் வாதமே கிடையாது. துணி டோமை விரலால் அமுக்கினால் ஒட்டும் டேப் வைத்து மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். அலுமினிய டோம் நசுங்கினால் நசுங்கியதுதான். என் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே இந்த ஆராய்ச்சியை நடத்தி முடித்தாள். இப்போது வலைக்கம்பி போட்டது மட்டும்தான் வாங்குகிறேன்.

யாருக்கு எது என்று கேட்டால், இதுவரை ஒரு பெட்டியும் கட்டாதவர் கார் செட்டையோ மும்பைச் சரக்கையோ எடுக்கட்டும். கையில் ஒன்றிரண்டு பெட்டி அனுபவமும், கொஞ்சம் காசும் இருப்பவர் எஸ்பி அகூஸ்டிக்ஸ் வூஃபர், அதே கம்பெனியின் அல்லது சியாஸின் ட்வீட்டர் என்று போகலாம். ஆனால் யாரோ அளந்து வெளியிட்ட வடிவமைப்பு ஒன்றை வரிக்கு வரி கட்ட வேண்டும். அதில் ட்வீட்டரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றால் கிராஸ்ஓவர் முழுதும் மறுபடி போட வேண்டும். விற்பவர் இந்தியாவில் இருக்கிறாரா, குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பத்து சதவீதம் கூடக் கொடுத்தாலும் அந்த விற்பனையாளரே மலிவு. பெரிய கூடம், கச்சேரிச் சத்தம் என்றால் மைக் செட் ட்ரைவர். தெருச் சரக்கை மல்டிமீட்டரும் 10 ரூபாய் நாணயமும் வைத்திருப்பவர் மட்டும் தொடலாம்.

நான் இப்போதெல்லாம் வூஃபர் இரண்டு தேவை என்றால் மூன்று வாங்கிவிடுகிறேன். மூன்றில் நெருங்கிய இரண்டு பெட்டிக்குப் போகும். மீதியைப் படுக்க வைக்கக்கூடாது, கோனின் எடையே ஸ்பைடரை ஒரு பக்கம் தொய்ய வைத்துவிடும். நிமிர்த்தி, சிலிக்கா பொட்டலம் போட்டுக் கட்டி, பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் எடுத்து ஓம் பார்ப்பேன். போன மாதம் பார்த்தபோது 5.9.